கேட்டவர் கையில் ஒரு உறை: விஸ்கான்சின் சட்டமன்ற நூலகர் ஒருவரின் பணி, 1901–1915

ஏன் இந்த நிகழ்வு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலச் சட்டமன்றம் 1911ஆம் ஆண்டின் ஒரே கூட்டத்தொடரில் தொழிலாளர் விபத்து இழப்பீட்டுச் சட்டத்தையும், தொழில் ஆணையச் சட்டத்தையும், மாநில வருமான வரியையும், பெண்களின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டும் சட்டத்தையும், வேலைக்குப் போகும் சிறார்களுக்கான தொடர்பள்ளிச் சட்டத்தையும் நிறைவேற்றியது. ஆளுநர்களின் பெயராலும் பேராசிரியர்களின் பெயராலும் இவை நினைக்கப்படுகின்றன. ஆனால் இவற்றுக்கான தரவைத் திரட்டிய இடம் ஒரு நூலகம். பல மசோதாக்கள் வாசகம் பெற்றதும் அங்கேதான். அந்த அறைக்குப் பொறுப்பாளராக இருந்தவர் அரசுச் சம்பளம் வாங்கிய ஒரு நூலகர்.

நூலகத்தில் வருவோரின் கேள்விகளுக்குத் தகவல் தேடித் தரும் குறிப்பு மேசையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஒரு கேள்வி பழகிய கேள்வி: தகவல் கொடுப்பது எங்கே முடிகிறது, யோசனை சொல்வது எங்கே தொடங்குகிறது? இந்த நிகழ்வில் அந்தக் கேள்விக்கு எழுத்தில் ஒரு பதில் இருந்தது, நடைமுறையில் வேறொரு பதில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் விழுந்த இடைவெளிதான் பின்னால் நூலகத்தின் உயிருக்கே ஆபத்தாக வந்தது. அதைத்தான் முக்கியமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

நூலகரின் பெயர் சார்லஸ் மெக்கார்த்தி. பொது ஆவணங்களில் உள்ள பெயர் என்பதால் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். இனி அவர் நூலகர் மட்டுமே. உறுப்பினர்கள், உதவியாளர்கள், வழக்காடியவர்கள் ஆகியோரின் பெயர்கள் இந்த ஆய்வுக்குத் தேவைப்படவில்லை.

பின்னணி

மாநிலத் தலைநகரான மேடிசனின் சட்டமன்றக் கட்டடத்தில் பல ஆண்டுகளாக மாநில வரலாற்றுக் கழகத்தின் நூல் தொகுப்பு இருந்தது. 1900இல் அந்தத் தொகுப்பு சுமார் ஒரு மைல் தள்ளியிருந்த பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய்விட்டது. சட்டம் இயற்றுகிறவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் பொதுநூல்கள் இல்லாமல் போயின. மாநில இலவச நூலக ஆணையத்தின் செயலர் இதைக் கவனித்து, உறுப்பினர்களுக்கென்று கட்டடத்துக்குள்ளேயே ஒரு சிறு குறிப்பு நூலகம் வேண்டும் என்று வாதாடினார். 1901இல் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆவண எழுத்தர் என்ற எளிய பதவியில் ஓர் இளைஞரை நியமித்தார்கள்.

அந்த இளைஞர் நூலகப் பயிற்சி பெற்றவர் அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காலணித் தொழிற்சாலைகள் நிறைந்த பிராக்டன் ஊரில், அயர்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் 1873இல் பிறந்தவர். பிரவுன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பேர் வாங்கினார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற கையோடு இந்த வேலைக்கு வந்தார். தொழிற்சாலை ஊரில் வளர்ந்த நினைவும் வரலாற்று ஆய்வாளரின் பழக்கமும் பின்னால் அவர் செய்த எல்லாவற்றிலும் தெரிகின்றன.

சட்டமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும். கீழவையில் 100 பேர், மேலவையில் 33 பேர். பெரும்பாலோர் விவசாயிகள், சிற்றூர் வணிகர்கள், சிறு வழக்கறிஞர்கள். சில மாதங்களுக்கு மேடிசனில் அறை எடுத்துத் தங்கி, நூற்றுக்கணக்கான மசோதாக்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டு ஊர் திரும்புவார்கள். அவர்களுக்குச் செயலர் இல்லை, உதவியாளர் இல்லை. எதிர்ப்பக்கத்தில் ரயில்வே நிறுவனங்களுக்கும் மர வியாபாரப் பெரும்புள்ளிகளுக்கும் தேர்ந்த வழக்கறிஞர்கள் இருந்தார்கள். மசோதா எழுதத் தெரியாமல் திண்டாடும் புதிய உறுப்பினரின் தோளில் அன்போடு கைபோட்டு, "எங்கள் வக்கீலே எழுதித் தருவார்" என்று சொல்ல ஆள் தயாராக நின்றது. நல்ல எண்ணத்தோடு வந்தவர் தனக்கே எதிரான வாசகத்தைத் தன் பெயரில் தாக்கல் செய்யும் நிலை இப்படித்தான் உருவானது. எழுத்துப் பிழையாலோ அரசியலமைப்புக்கு முரணான ஒரு சொல்லாலோ நீதிமன்றத்தில் விழுந்த சட்டங்களும் உண்டு.

நூலகர் கவனித்தது

உறுப்பினர்கள் புத்தகம் கேட்கவில்லை. இதுதான் அவர் முதலில் கண்டது. அவர்கள் கேட்டவை இப்படிப்பட்டவை: வேறு எந்த மாநிலத்திலாவது இப்படி ஒரு சட்டம் இருக்கிறதா? அங்கே அது வேலை செய்கிறதா? நீதிமன்றம் என்ன சொன்னது? இதே மசோதா போன முறை இங்கே வந்து ஏன் செத்தது?

இவற்றுக்கு விடை எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. ஒரு பாதி வேறு மாநிலத்து ஆண்டறிக்கையில், ஒரு கால் பங்கு செய்தித்தாளில் இருக்கும். மீதி, அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் ஏதோ ஓர் ஊர் அதிகாரியின் தலைக்குள் இருக்கும். கேட்பவருக்கோ நேரம் இல்லை. நாளை காலை குழுக் கூட்டம்.

எடுத்த முடிவுகள்

புத்தகத்தைக் கிழித்தார். இது உருவகம் அல்ல. 600 பக்க அறிக்கை ஒன்றில் குழந்தை உழைப்பைப் பற்றி 12 பக்கம் இருந்தால், அந்த 12 பக்கத்தைப் பிரித்தெடுத்து, அதே பொருளில் வந்த செய்தி நறுக்குகளோடும் துண்டறிக்கைகளோடும் பிற மாநில மசோதாக்களின் அச்சுப்படிகளோடும் சேர்த்து ஒரே தலைப்பின்கீழ் வைத்தார். நூலகப் பயிற்சி பெற்ற எவருக்கும் கை நடுங்கும் காரியம். ஆனால் அவசரத்தில் வரும் மனிதருக்கு வேண்டியது அந்த அறிக்கை அல்ல, அந்த 12 பக்கம்.

தோற்ற மசோதாக்களுக்கு அட்டை போட்டார். நிறைவேறிய சட்டங்கள் எப்படியும் அச்சில் இருக்கும். தோற்றவை காணாமல் போகும். எந்த ஆண்டு வந்தது, எந்தக் குழுவில் நின்றது, ஆளுநர் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன காரணம் சொன்னார் என்ற விவரங்களுடன் பழைய கூட்டத்தொடர்களின் மசோதாக்கள் சுட்டியாக்கப்பட்டன. இவர் செய்தவற்றுள் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் மிக அதிகமாகப் பயன்பட்டதும் இதுதான் என்பது என் மதிப்பீடு. ஒரு சீர்திருத்தம் முதல் முறையிலேயே வெல்வது அரிது. இரண்டாவது முறை வருகிறவர் முதல் ஆள் எங்கே விழுந்தார் என்று தெரிந்துகொண்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

கேட்கும்வரை காத்திருக்கவில்லை. அடுத்த கூட்டத்தொடரில் எந்தப் பொருள் வரும் என்று கணித்து முன்கூட்டியே திரட்டினார். உறுப்பினர் ஒருவர் ஒரு பொருளைச் சொன்னதும் பிற மாநிலத் துறைகளுக்கும் சட்டமன்றத்தாருக்கும் தந்திகள் போகும். ஓரிரு நாளில் தந்தியில் பதில் வரும். பின்னாலேயே நறுக்குகளும் சட்டப் படிகளும் கருத்துகளும் அடங்கிய கனத்த உறை ஒன்று வரும். அதில் ஆதரவான கருத்து மட்டும் இருக்காது. சட்டத்தில் எங்கே ஓட்டை, யார் எதிர்த்தார்கள், ஏன் எதிர்த்தார்கள் என்பதும் இருக்கும். குறை சொல்பவரிடம் கேட்காமல் திரட்டிய தரவு சபையில் முதல் குறுக்குக் கேள்வியிலேயே உடைந்துவிடும்.

பின்னர் மசோதா வரைவும் நூலகத்தின் வேலையாயிற்று. இங்கேதான் எழுத்தில் விதிகள் வைக்கப்பட்டன. உறுப்பினரின் கையொப்பமிட்ட, விவரமான எழுத்து அறிவுறுத்தல் இல்லாமல் எந்த மசோதாவும் திருத்தமும் வரையப்படாது. உள்ளடக்கத்தைப் பற்றி வரைவாளர் எந்த யோசனையும் சொல்லக்கூடாது. சட்டம் செல்லுமா செல்லாதா என்பதற்கு நூலகம் பொறுப்பல்ல. எங்கள் வேலை எழுத்து வேலை, தொழில்நுட்ப வேலை மட்டுமே. எண்ணங்களை நாங்கள் தருவதில்லை என்பது இவற்றின் சாரம்.

அந்தக் கையொப்பச் சீட்டைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு தாள், மேலே பொருள், நடுவே நாலைந்து வரிகளில் என்ன வேண்டும் என்ற விவரம், கீழே உறுப்பினரின் பெயர். சீர்திருத்தக்காரரும் அதையே நிரப்ப வேண்டும், சீர்திருத்தத்தை எதிர்ப்பவரும் அதையே நிரப்ப வேண்டும். ரயில்வேக்கு ஆதரவான உறுப்பினர் வந்தாலும் அதே கோப்பு, அதே வரைவாளர், அதே கவனம். நூலகம் கட்சி சார்ந்தது என்று குற்றம் சாட்டியவர்களுக்கு எதிரே வைக்கக்கூடிய ஒரே கேடயம் இந்தச் சீட்டுதான்.

ஒரு சட்டம் உருவான விதம்: விபத்து இழப்பீடு

எல்லாச் சட்டங்களையும் விவரித்தால் நீளும். ஒன்றை மட்டும் முழுதாகப் பார்க்கலாம்.

அன்றைய பொதுச் சட்டப்படி, வேலையில் காயம்பட்ட தொழிலாளி முதலாளியின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் முதலாளியிடம் மூன்று தற்காப்புகள் இருந்தன. ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய் என்பது ஒன்று. உன் பக்கமும் கொஞ்சம் கவனக்குறைவு இருந்தது என்பது இன்னொன்று. விபத்துக்குக் காரணம் நான் அல்ல, உன் சக தொழிலாளி என்பது மூன்றாவது. மர அறுவை ஆலையில் விரல் போனவர், வார்ப்படச் சாலையில் கால் வெந்தவர், இறந்தவரின் மனைவி என எல்லோரும் இந்த மூன்று கதவையும் உடைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பெரும்பாலோரால் முடியவில்லை.

நூலகம் பல மாநிலச் சட்டங்களை ஒப்பிட்டுச் சிறு வெளியீடுகளைக் கொண்டுவந்தது. அந்த வரிசையின் முதல் வெளியீடு ரயில்வேயில் சக தொழிலாளி பற்றிய சட்டக் கோட்பாட்டைப் பற்றியது. நூலகத்தின் பெண் ஆய்வாளர் ஒருவர் தொகுத்தது. ரயில்வே தொழிலாளருக்கு மட்டும் இந்தக் கதவுகளைத் தளர்த்தும் சட்டம் 1907இல் வந்தது. பிறகு இரு அவைகளின் சிறப்புக் குழு ஒன்று எல்லாத் தொழில்களுக்குமான இழப்பீட்டை ஆராய்ந்தது. ஜெர்மனியின் காப்பீட்டு முறையும் இங்கிலாந்தின் இழப்பீட்டு முறையும் முன்மாதிரிகளாக இருந்தன.

கட்டாயமாக்குவதா, விருப்பத்துக்கு விடுவதா என்பதுதான் சிக்கல். நியூயார்க் 1910இல் கட்டாயச் சட்டம் கொண்டுவந்தது. 1911 மார்ச் 24 அன்று அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மறுநாள் அதே நியூயார்க் நகரில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். விஸ்கான்சினில் அப்போது சபையின் முன் இருந்த மசோதா வேறு வழியில் எழுதப்பட்டிருந்தது. முதலாளி இழப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், சேராமலும் இருக்கலாம். சேராவிட்டால் அந்த மூன்று தற்காப்புகளில் இரண்டை இழப்பார். ஆபத்து தெரிந்துதான் வந்தாய் என்றும் சொல்ல முடியாது, சக தொழிலாளி மேல் பழி போடவும் முடியாது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லவும் முடிந்தது, வெளியே நிற்பது நஷ்டம் என்ற நிலையும் உருவானது.

1911 மே மாதம் ஆளுநர் கையொப்பமிட்டார். அந்த ஆண்டு நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அமெரிக்காவில் நிலைத்து நின்ற முதல் பொதுவான இழப்பீட்டுச் சட்டங்களில் ஒன்றாக அது ஆனது.

இந்த வெற்றியை ஒரு நூலகரின் கணக்கில் எழுதுவது சரியல்ல. தொழிற்சங்கங்கள் போராடின, முதலாளிகளில் ஒரு பகுதியினரும் வழக்குச் செலவு சலித்து இதை விரும்பினர், குழு ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டது. நூலகம் செய்தது வேறு. எங்கே எது விழுந்தது, ஏன் விழுந்தது என்ற தகவல் எழுதுகிறவரின் மேசையில் நேரத்துக்கு இருந்தது.

அதே கூட்டத்தொடரில் வந்த தொழில் ஆணையச் சட்டத்தில் பொருளாதாரப் பேராசிரியர் ஜான் ஆர். காமன்ஸின் கை பெரிது. எந்த இயந்திரத்துக்கு எந்தத் தடுப்பு வேண்டும் என்று சட்டத்திலேயே பட்டியல் போடுவதை விட்டுவிட்டு, வேலை செய்யும் இடம் அந்த வேலையின் தன்மை நியாயமாக அனுமதிக்கும் அளவுக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற பொதுக் கடமையை வைத்தார்கள். விவரங்களை ஆணையம் உத்தரவுகளால் நிரப்பியது. புதிய இயந்திரம் வரும்போதெல்லாம் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை.

எல்லை கடந்த இடம்

தொழிற்கல்வி விஷயத்தில் நூலகர் தரவு கொடுப்பவராக மட்டும் இருக்கவில்லை. 1909இல் அமைக்கப்பட்ட கல்விக் குழுவில் அவரே உறுப்பினர். ஜெர்மனி சென்று அங்குள்ள தொடர்பள்ளிகளைப் பார்த்துவந்தார். 14 முதல் 16 வயதுக்குள் வேலைக்குப் போகும் சிறார்களை வாரம் 5 மணி நேரம் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்ற 1911ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடிப்படை அந்தக் குழுவின் அறிக்கை. அதற்கு அவர் வெளிப்படையாகவே வாதாடினார்.

1912இல் மாநிலத்தின் சீர்திருத்தங்களை விளக்கி ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்னுரை எழுதியவர் முன்னாள் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட். அதே ஆண்டு ரூஸ்வெல்ட் முற்போக்குக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளர். அந்தக் கட்சியின் கொள்கை அறிக்கைத் தயாரிப்பிலும் நூலகர் உதவினார். 1914இல் மத்திய அரசின் தொழில் உறவு ஆணையத்துக்கு ஆய்வுத் தலைவராகப் போனார்; அடுத்த ஆண்டே ஆணையத் தலைவரோடு மோதி வெளியேற நேர்ந்தது.

எண்ணங்களை நாங்கள் தருவதில்லை என்று விதி எழுதிய அதே மனிதர்தான் இவர். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. வரைவு அறைக்குள் அந்த விதி உண்மையாகவே காக்கப்பட்டது. ஆனால் அறைக்கு வெளியே நிற்பவருக்கு அறையும் ஆளும் ஒன்றாகவே தெரியும். ரூஸ்வெல்டின் முன்னுரையைப் படித்துவிட்டு நூலகத்துக்கு வரும் எதிர்க்கருத்து உறுப்பினர், கையொப்பச் சீட்டை நீட்டும்போது ஒரு கணம் தயங்கத்தான் செய்வார். அந்தத் தயக்கத்தை எந்த விதியாலும் நீக்க முடியாது.

பின்விளைவு

எதிராளிகள் நூலகத்துக்கு மசோதாத் தொழிற்சாலை என்று பெயர் வைத்தார்கள். 1914 தேர்தலில் சீர்திருத்த எதிர்ப்பு அணியின் சார்பில் நின்று வென்ற ஆளுநர் இமானுவேல் ஃபிலிப், அதை ஒழிப்பதாகச் சொல்லிப் பிரசாரம் செய்தவர். 1915 கூட்டத்தொடரில் நூலகத்தை மூடும் முயற்சி வந்தது, நிறைவேறவில்லை. பதவிக்கு வந்து அதன் வேலையை அருகிலிருந்து பார்த்த பிறகு ஆளுநரே மனம் மாறி, நூலகம் தொடரட்டும் என்ற நிலைக்கு வந்தார். சட்டமன்றத்தைச் சீராக நடத்த விரும்பும் எந்த ஆளுநருக்கும் ஒழுங்காக வரையப்பட்ட மசோதாக்கள் தேவை. அந்தத் தேவைக்குக் கட்சி இல்லை. நூலகரின் புகழை விடவும் நூலகத்தைக் காப்பாற்றியது அன்றாட வேலையின் தரம்தான்.

இதற்கிடையே இந்த முறை பிற மாநிலங்களுக்கும் பரவியது. விஸ்கான்சினில் ஆளுநராக இருந்து பின்னர் செனட்டரான ராபர்ட் லா ஃபொல்லெட்டின் முயற்சியும் சேர்ந்து, 1914இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் நூலகத்தில் உறுப்பினர்களுக்கான சட்டக் குறிப்புச் சேவை தொடங்கியது. இன்றைய காங்கிரஸ் ஆய்வுச் சேவையின் தொடக்கம் அதுவே.

நூலகர் 1918இல் செனட் வேட்பாளராக முயன்று தோற்றார். 1921இல், 50 வயதைத் தொடாமலே, இறந்தார்.

மாற்றியிருக்க வேண்டியவை

முதலில், இரண்டு நாற்காலி. ஒரு பொருளில் வாதாட விரும்பும் நூலகர் அந்தப் பொருளுக்கான கோப்பை வேறொருவரின் பொறுப்பில் விட்டிருக்கலாம். தொழிற்கல்விக் குழுவில் இருந்த காலத்திலாவது அந்த மசோதாவின் தரவும் வரைவும் தம் மேற்பார்வையில் இல்லை என்று எழுத்தில் அறிவித்திருக்கலாம். அவருடைய வாதத்தை நான் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போகும் 14 வயதுப் பிள்ளைக்கு வாரம் 5 மணி நேரப் பள்ளி என்பது வாதாடத் தகுந்த விஷயம். அதைக் கட்டணம் இன்றித் தகவல் தரும் மேசையிலிருந்து செய்ததுதான் சிக்கல்.

அடுத்து, எண்ணம் தருவதில்லை என்ற வாசகமே மிகையானது. எந்த 12 பக்கத்தைக் கிழித்தெடுக்கிறோம், எந்தத் தலைப்பின்கீழ் வைக்கிறோம், எந்த ஊருக்குத் தந்தி அடிக்கிறோம் என்பதெல்லாம் தேர்வுகளே. தேர்வு இருக்கும் இடத்தில் எண்ணமும் இருக்கிறது. எங்களிடம் தேர்வு உண்டு, அது இன்ன முறையில் நடக்கிறது, கோப்பில் விடுபட்டதை யாரும் கொண்டுவந்து சேர்க்கலாம் என்று எழுதியிருந்தால் அது நேர்மையாகவும் இருந்திருக்கும், தாக்குதலுக்கு முன் வலுவாகவும் நின்றிருக்கும்.

கடைசியாக அந்தச் சீட்டுகள். யார் எந்த மசோதாவைக் கேட்டார்கள், சீர்திருத்த அணி எத்தனை, எதிரணி எத்தனை என்ற கணக்கை ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிவிலும் வெளியிட்டிருந்தால் மசோதாத் தொழிற்சாலை என்ற பெயர் ஒட்டியிருக்காது. நூலகம் இன்றும் சட்டமன்றக் குறிப்பு அலுவலகம் என்ற பெயரில் மேடிசனில் இயங்குகிறது. அங்கே வரைவுக் கோப்புகள் 1927 கூட்டத்தொடரிலிருந்து வரிசையாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஒரு சட்டத்தின் சொல் ஏன் அப்படி அமைந்தது என்று தேடும் வழக்கறிஞர்கள் அவற்றைத்தான் புரட்டுகிறார்கள். இழப்பீட்டுச் சட்டம் பிறந்த 1911 அந்த வரிசைக்கு 16 ஆண்டுகள் முந்தையது.